வானத்தில் நட்டவள்

கீழவிளாகம்,
வலங்கைமான் வட்டம்.
கார்த்திகை 14

அன்பு மகள் பூமிகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். செவலை மாடு போன வாரம் கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. புதன்கிழமை போனில் நீ அழுததிலேயே அது தெரிந்துவிட்டது.

கடிதம் இங்கிலாந்தில் லீட்ஸ் வந்து சேர இரண்டு வாரம்கூட ஆகலாம் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். ஆகட்டும். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். வாட்ஸப்பில் ஒற்றை விரலால் இவ்வளவையும் தட்ட என்னால் முடியாது. மூன்று நாளாக விடாத மழை. சம்பா பயிர் தூர் கட்டி நிற்கிறது. தண்ணீர் தேங்காமல் மடையை வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். தை பிறக்கும்வரை அறுவடை மெஷினுக்கும் வேலை இல்லை, அதை ஓட்டுகிற எனக்கும் வேலை இல்லை.

வேலை முடிந்து வரும்போது மழைக்கு ஒதுங்கின இடம் ஒரு புத்தகக் கடை என்று சொன்னாய். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு புத்தகம். அட்டையில் முழங்கால் ஆழ மேகத்தில் குனிந்து நாற்று நடுகிற பெண்கள். அதில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, நாற்று முடிக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். "பேரைப் பாக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சுப்பா, கொடத்த இடுக்கிக்கிட்டு அம்மா அப்படித்தான் நிக்கும்" என்றாய். பிறகுதான் உள்ளே போய்ப் பின்னட்டையில் 'இசைவாணி நெடுமாறன்' என்று அம்மா பேரைப் படித்துவிட்டு, புத்தகத்தை வாங்கியும் வந்திருக்கிறாய்.

புத்தகம் வந்ததை ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டாய். உன் அம்மா சொல்லக் கூடாது என்றுவிட்டாள். "அவ கண்ணுல பட்டா படட்டும், நாம சொல்லிப் பாக்க வைக்கக் கூடாது" என்றாள். மற்றபடி நீ என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. "அம்மா இதையெல்லாம் எப்பப்பா கத்துக்கிச்சு?" என்பது ஒன்று. "எங்கிட்ட முன்ன மாதிரி பேசுமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இரண்டாவதற்கு எனக்குப் பாதிதான் தெரியும். அதையும் எழுதுகிறேன்.

அம்மா பிறந்த ஊரில் தேர்த்திருவிழா பத்து நாள் நடக்கும். ஒவ்வொரு நாளும் சாமி ஒவ்வொரு வாகனத்தில் வரும். ஆனால் அவர்கள் தெருவுக்குள் வராது. முக்கு வரைக்கும் வந்து அந்தப் பக்கமே திரும்பிவிடும். தெருச் சனம் எல்லாம் முக்கில் போய் நிற்க வேண்டும். அம்மாவுக்கு அப்போது ஆறு ஏழு வயது. முன்னால் நிற்கிற தலைகளுக்கு மேலே யாளி வாகனத்தின் முகமும் பிடரியும் மட்டும் தெரியுமாம். கால் தெரியாது, வயிறு தெரியாது, வால் தெரியாது. வீட்டுக்கு வந்து கரித்துண்டால் சுவரில் யாளியை வரைந்திருக்கிறாள். பார்த்த பாதியை அப்படியே வரைந்துவிட்டாள். பார்க்காத பாதிக்கு என்ன செய்வது? மீன் வாலும் கொக்குக் காலும் வைத்திருக்கிறாள். உன் தாத்தா மருதையன் கூலிவேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, "இது எந்தக் கோயில் வாகனம்?" என்று கேட்டாராம். "நம்ம தெருவுக்கு வர்ற சாமியோட வாகனம்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது யாளியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி அடித்தாராம். அம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கேட்டதிலிருந்து மனசில் நிற்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் மண்புழுவின் உடலமைப்பை வரையச் சொன்னார்களாம். அம்மா சரியாகத்தான் வரைந்து, பாகமெல்லாம் குறித்திருக்கிறாள். ஆனால் பக்கத்தில் இடம் காலியாக இருந்ததே என்று, மண்ணுக்கடியில் மண்புழுக்கள் கட்டின ஒரு ஊரையும் வரைந்துவிட்டாள். வாசல், மாடம், படித்துறை எல்லாம் இருந்திருக்கிறது. அறிவியல் வாத்தியார் ரெத்தினம் வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டிச் சிரித்தாராம், அந்தப் பக்கத்துக்கு மார்க் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். பத்தாவதோடு படிப்பு நின்றது. படம் வரைந்ததால் நிற்கவில்லை. வீட்டில் இன்னொரு ஆள் கூலி வந்தால்தான் அடுப்பு எரியும் என்கிற நிலை.

பதினாறு வயதில் நடவுக்குப் போனாள். நீ சேற்றில் இறங்கி நட்டதில்லை. உன்னை இறக்க நாங்கள் விடவில்லை. அதனால் அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காலைலேருந்து குனிஞ்சே இருப்போம். தண்ணிக்குள்ள வானம் கெடக்கும். மேகம் நகரும். நாம பாட்டுக்கு அந்த மேகத்துல நாத்தை ஊணிக்கிட்டே போவோம். நிமிந்தா வெறும் வயலு. குனிஞ்சா வானம். எல்லாரும் இடுப்பு வலிக்குதுன்னு நிமிருவாங்க, நான் நிமிரவே மாட்டேன்." அம்மாவுக்கு வேகமான கை என்று ஊரில் பேர். வேகத்துக்குக் காரணம் இது என்று யாருக்கும் தெரியாது.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது தொண்ணூற்றாறில். வந்த மறுவாரமே, நாட்காட்டியில் கிழிக்கிற தாளின் பின்பக்கமெல்லாம் படம் இருப்பதைப் பார்த்தேன். ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். இறக்கை வைத்த எருமை, ஆற்றுக்கு அடியில் ஒரு கடைத்தெரு, இருபது கண் உள்ள மரம். நான் பயந்துவிட்டேன், பாப்பா. வெளியில் சொல்லவில்லை. ஆனால் பயந்தேன்.

இனிமேல் எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மூன்று வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. என் அம்மா புலம்ப ஆரம்பித்தார். குறி கேட்கப் போன இடத்தில், வீட்டில் கண் திறந்து கிடக்கிற உருவங்கள் கருவைத் தங்கவிடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நான் நம்பவில்லை. நம்பாதவனாக இருந்தும் செய்தேன், அதுதான் பெரிய தப்பு. அம்மா களை பறிக்கப் போயிருந்த ஒரு பகலில், கொல்லையில் நெல் அவிக்கிற அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு தாளாகப் போட்டேன். மொத்தமாகக் கொட்டியிருந்தாலாவது பரவாயில்லை. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். உன் அம்மாவின் படங்களை நான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு நண்டு தன் முதுகில் ஒரு ஊரையே சுமந்துகொண்டு வாய்க்காலைத் தாண்டுகிற படம் ஒன்று இருந்தது. ஊரில் விளக்கெல்லாம் எரிந்தது. ஒரு வீட்டு வாசலில் யாரோ தலை வாரிக்கொண்டிருந்தார்கள். அதைப் போடும்போது கை தயங்கியது. போட்டுவிட்டேன்.

அம்மா வந்தாள். கொல்லையில் தாள் சாம்பல் பறந்துகொண்டிருந்தது. பார்த்தாள். "நண்டும் போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். தலையை ஆட்டினேன். கால் கழுவிக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தாள். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் நான் பொறுக்கமுடியாமல், "திரும்ப வரைஞ்சிடு வாணி, நல்ல பேப்பரா வாங்கியாந்து தர்றேன்" என்றேன். "எரிஞ்சது எரிஞ்சதுதாங்க, அது திரும்ப வராது. இனிமே வர்றத வரையிறேன். ஆனா இனிமே நீங்க தொடக் கூடாது" என்றாள். இன்றைக்குவரை அவளைக் கேட்காமல் ஒரு தாளை நான் தொட்டதில்லை.

அடுத்த வருடம் நீ பிறந்தாய். குறி கேட்டு வந்ததன் பலன் என்று என் அம்மா ஊரெல்லாம் சொன்னார். உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எப்படித்தான் பொறுத்தாளோ.

அதன்பிறகுதான் நான் அவளுக்குப் படத்துக்கு நிற்க ஆரம்பித்தேன். நீ சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரிப்பாயே, போர்வையைத் தோளில் போட்டு, மண்வெட்டியை வாளாகப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நிற்பேனே, அதுதான். கையை இன்னும் தூக்குங்க, கழுத்தைத் திருப்புங்க என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், நெடுமாறனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு போவார்கள். அரக்கன், படைத்தளபதி, மழையைக் கட்டி இழுக்கிற கிழவி, எல்லாமே நான்தான். கிழவிக்குக்கூட என் மூக்குதான். இப்போது நீ கையில் வைத்திருக்கிற புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கத்தைத் திருப்பிப் பார்.

நீ இரண்டாம் வகுப்புப் போன வருடம் அம்மா பாபநாசத்தில் மெஹராஜ் அக்காவின் ஃப்ளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கணவர் இறந்தபிறகு அக்கா தனியாக நடத்திக்கொண்டிருந்த கடை. கூட்டிப் பெருக்கத்தான் ஆள் கேட்டிருந்தார். ஒருநாள் டிசைன் செய்கிற பையன் வரவில்லை. காதணி விழா போர்டு அன்று மாலைக்குள் வேண்டும். "நான் பாக்கட்டுமாக்கா?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை, ஆனால் துடைக்கும்போதெல்லாம் அவன் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அன்றைக்கு அந்தக் குழந்தையை வழக்கம்போல ரோஜாப் பூவுக்கு நடுவில் வைக்காமல், பறக்கிற யாளிமேல் உட்கார வைத்தாள். குழந்தையின் தாய்மாமன் வந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு போர்டு அதேபோல் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மெஹராஜ் அக்கா அன்றே துடைப்பத்தை வாங்கி மூலையில் வைத்துவிட்டார். "இனிமே நீ கூட்டுனா நான் கடைய மூடிடுவேன்" என்றாராம்.

கண்ணாத்தாள் என்று ஒரு அம்மாள் இருந்தார். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து முப்பது வருடம் நம் பக்கம் தலைச்சுமையாக விற்றவர். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் பாபநாசம், அங்கேயே இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி போர்டுக்கு மகன் போட்டோ கொடுத்துவிட்டுப் போனார். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? வழக்கமான மெழுகுவத்தியும் புறாவும் வைக்கவில்லை. கூடையோடு அந்த அம்மாளை ஒரு பெரிய மீன்மேல் உட்கார வைத்து, அந்த மீன் பச்சை வயலில் நீந்திப் போவதுபோல் செய்துவிட்டாள். மகன் அதைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே கடைக்கு வந்தார். செத்தவளைக் கேலி பண்ணுகிறாயா என்றார். மெஹராஜ் அக்கா வேறு செய்து தருவதாகச் சொன்னார். அவர் போர்டை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "எங்கம்மா ஒருநாளாவது உக்காந்து போயி நான் பாத்ததில்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாராம். ஃப்ளெக்ஸ் போர்டின் கதி உனக்குத் தெரியும், நாலு நாள் கழித்து வைக்கோல் போருக்கு மூடாகப் போகும். அந்தப் போர்டு இன்றைக்கும் அவர்கள் வீட்டுக்கூடத்துச் சுவரில் இருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன்.

அந்தக் கடையில் பதினைந்து வருடம். அக்காவின் மகள் ஆசியா கல்லூரிக்குப் போனபிறகுதான், இப்படி வரைகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், இதற்கென்றே புத்தகமும் விளையாட்டும் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியவந்தது. அன்று வீட்டுக்கு வந்தவள், "ஏங்க, நான் ஒருத்தி மட்டும் இல்லீங்க" என்றாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது. நாற்பது வருடம் தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்துக்கொண்டே வரைந்திருக்கிறாள். நானாக இருந்தால் என்றைக்கோ விட்டிருப்பேன்.

ஆசியாதான் படங்களை இன்டர்நெட்டில் போட்டாள், இங்கிலீஷில் கடிதமும் எழுதினாள். பதில் வராததே அதிகம். வந்த பதிலெல்லாம் வேண்டாம் என்றுதான் வந்தது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மட்டும் பனிமலையில் ஒரு கோட்டையும் நெருப்பு கக்குகிற பாம்பும் வரைந்து காட்டச் சொன்னது. அம்மா இருபது நாள் உட்கார்ந்தாள். கோட்டை வைக்கோல் போர் மாதிரி வந்தது. பாம்புக்கு விரால் மீன் மூஞ்சி. அவர்கள் மரியாதையாக வேண்டாம் என்று எழுதினார்கள். நான் ஆறுதல் சொல்லப் போனேன். அவள் சிரித்தாள். "நான் பனியப் பாத்ததில்ல, அது எப்படி எனக்கு வரும்? எனக்குச் சேறு தெரியும். சேறு கேக்குறவன் ஒருத்தன் வராமலா போவான்" என்றாள்.

இந்த வருடங்களிலெல்லாம் நீ வளர்ந்துகொண்டிருந்தாய். உன் வகுப்பில் பிள்ளைகள், உங்க அம்மா பேய்ப் படம் வரையுமாமே என்று கேலி செய்தது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு அம்மா வர வேண்டாம், அப்பா மட்டும் வரட்டும் என்று நீ சொன்னதும் தெரியும்.

இப்போது அந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். போனில் அதைச் சொல்ல வந்துதான் நீ பேச முடியாமல் வைத்துவிட்டாய்.

நீ நர்சிங் முடித்த வருடம், ஐப்பசியில் மயிலாடுதுறையிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின நாள் அம்மா கடைக்குப் போயிருந்தபோது, கூடத்துச் சுவரில் இருந்த படங்களை எல்லாம் கழற்றி உரச்சாக்கில் சுருட்டி, மோட்டார் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தாய். பதினேழு படம். அம்மா வந்து வெறும் சுவரைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அவள் கேசரிக்கு ரவை வறுக்கப் போனாள். அன்று ராத்திரி பெய்த மழையில் கொட்டகைத் தகரம் ஒழுகி, சாக்கு நிறையத் தண்ணீர். வந்தவர்களோ வேறு ஏதோ காரணம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப்பின் நீ இங்கிலாந்து போகிறவரைக்கும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நீயும் அம்மாவும் சாப்டியா, சாப்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

நீ போனபிறகு ஒருநாள் நான் கேட்டேன், அவமேல் உனக்குக் கோபமா என்று. அம்மா சொன்னது இது: "கோபம் இல்லீங்க. அவ பயந்துட்டா. நீங்களும்தான் ஒருநாள் பயந்தீங்க." இருபது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அந்த அடுப்பைப் பற்றி, அந்த ஒன்பதாம் நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன், பாப்பா. நீ உன்னை மட்டும் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு அந்தக் குளிர்தேசத்தில் தனியாக அழ வேண்டாம். உனக்கு முன்னால் நான் இருக்கிறேன். நீ செய்தது ஒளித்துவைத்ததுதான். நான் செய்தது அதைவிடக் கொடியது.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. மழை விட்டதும், நீ வெளியே போயிருந்த நேரம், அம்மா அந்தப் பதினேழு தாளையும் களத்தில் ஒவ்வொன்றாக விரித்துக் காய வைத்தாள். போஸ்டர் கலர் ஆனதால் எல்லாம் கரைந்து ஓடிவிட்டது. பதினாறு ஒன்றுக்கும் ஆகவில்லை. பதினேழாவது, நடவுப் படம். குனிந்தால் வானம் என்று அவள் சொன்னாளே, அதை அவள் பதினாறு வயதிலிருந்து வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குறைந்தது பத்துத் தடவையாவது வரைந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் வயல் வயலாகவே வந்தது, வானம் மேலேயே நின்றுவிட்டது. நனைந்து காய்ந்த தாளில், மேலே இருந்த நீலம் இறங்கிப் பச்சைக்குள் பரவிக் கிடந்தது. வெள்ளை ஓடிப் பெண்களின் காலடியில் தேங்கி நின்றது. அம்மா அந்தத் தாளுக்கு முன்னால் களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறினது கூடத் தெரியவில்லை. நான் போய் நின்றேன். "இங்க பாருங்க, எறங்கி வந்துடுச்சு" என்றாள்.

அந்தத் தாளின்மேல்தான் எட்டு மாதம் வேலை செய்தாள். ஆசியா அதை இன்டர்நெட்டில் போட்டாள். நீ இருக்கிற தேசத்திலேயே ஒரு சின்னப் பதிப்பகம், மழைநாட்டைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறோம், அட்டைக்கு இந்தப் படமேதான் வேண்டும், உள்ளே இன்னும் பன்னிரண்டு படம் வேண்டும் என்று எழுதியது. எப்படி வரைய வேண்டும் என்று அம்மா ஆசியாவைக் கேட்கச் சொன்னாள். உங்கள் விருப்பப்படி, எவ்வளவு சேறு வேண்டுமானாலும் போடுங்கள் என்று பதில் வந்தது. ஆசியா அவர்களுக்கு முன்னால் எழுதின கடிதம் ஏதோ ஒன்றில் அந்தச் சேற்றுக் கதையைச் சொல்லியிருந்தாளாம். அதைப் படித்துக் காட்டினபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆக, நீ கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தது எந்தப் படம் என்று இப்போது உனக்குத் தெரியும். நான் போட்ட நெருப்பு ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. நீ வைத்த இடத்தில் பெய்த மழை ஒன்றைக் கொடுத்தது. அதற்காக நீ செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. மற்ற பதினாறும் போனது போனதுதான். ஆனால் அம்மா போனதைக் கழித்துவிட்டு, மிஞ்சின இந்த ஒன்றைத்தான் வைத்துக்கொண்டாள்.

முக்கியமான சேதி ஒன்று. தை மாதம் ஐந்தாம் தேதி தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் அம்மாவின் படங்களை எல்லாம் ஒரு வாரம் வைக்கப் போகிறார்கள். மெஹராஜ் அக்காவும் ஆசியாவும் ஓடியாடிச் செய்கிறார்கள். கண்ணாத்தாள் அம்மாளின் மகன், சுவரிலிருந்து போர்டைக் கழற்றித் தானே கொண்டுவந்து மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா பிறந்த தெருவிலிருந்து ஒரு வேன் வருகிறது. அம்மா மட்டும் வந்து நிற்கமாட்டேன் என்கிறாள். ஐம்பது வயதாகப் போகிறது, இப்போது போய் மேடையா என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை. பதினைந்து வருடம் அடுத்தவர் முகத்தையெல்லாம் போர்டில் பெரிதாக்கிக் கொடுத்தவள், தன் முகத்தைக் காட்டக் கூச்சப்படுகிறாள்.

உன் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்த பாதி இதுதான். புதன்கிழமை நீ போனை வைத்தபிறகு, பூமிகா கடையில் உன் புத்தகத்தைப் பார்த்துவிட்டாளாம் என்று அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குன்னாளா?" என்று திரும்பாமலேயே கேட்டாள். அழுகிறாள் என்றேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மீதிப் பாதியை நீதான் வந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா இரண்டு தரம் இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போனாள். மூன்றாவது தரம் டீயை வைத்துவிட்டு, யாருக்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன், விவசாய ஆபீசுக்கு, யூரியா சரியாக வரவில்லை என்று எழுதுகிறேன் என்றேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அந்த ஆபீசுல பொங்கலுக்கு எத்தன நாள் லீவு குடுப்பாங்கன்னு அப்படியே ஒரு வார்த்த கேட்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கேட்டு எழுதிவிட்டேன், பாப்பா. பதிலை மட்டும் அம்மாவுக்கே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நம் குலசாமி உனக்குத் துணையாக வந்து, வழிகாட்டி உன்னை வீடு சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா,
நெடுமாறன்